புதிய அல்ட்ராசவுண்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் வேண்டாமா?

கேள்வி இது: அப்பாவுக்கு வயது 64. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி விடும் ஒரு புரதம்) 7.2. வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட் 58 மில்லி, வீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பற்றி முடிவு செய்யலாம் என்கிறார் மருத்துவர். உறவினர் ஒருவரோ, "இப்போதெல்லாம் நவீன அல்ட்ராசவுண்டிலேயே புற்றுநோய் தெரிந்துவிடும், எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உறவினர் சொல்வதில் எம்.ஆர்.ஐ. பற்றிய பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஊசி பற்றிய பாதி தப்பு. அல்ட்ராசவுண்ட் நிஜமாகவே வெகுதூரம் வந்துவிட்டது. நல்ல கருவியும் பழகிய கண்ணும் சேர்ந்தால் எம்.ஆர்.ஐ.க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் புராஸ்டேட்டில் எந்தப் படமும் புற்றுநோயை உறுதி செய்வதில்லை. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர்தான் உறுதி செய்கிறார். ஊசி எந்த இடத்துக்குப் போக வேண்டும், அல்லது இப்போதைக்குப் போகவே வேண்டாமா என்று சொல்வதுதான் படத்தின் வேலை. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த பாய்ச்சல் எல்லாம் குறிபார்ப்பதில் நடந்த பாய்ச்சல்தான்.

முதலில் அந்த வயிற்று ஸ்கேனை என்ன செய்வது என்று பார்ப்போம். தொப்புளுக்குக் கீழே ஜெல் தடவி, சிறுநீர்ப்பை வழியாக எட்டிப் பார்க்கும் ஸ்கேன் அது. புராஸ்டேட் எவ்வளவு பெரிது, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு" என்று நிம்மதியாகிப் பல குடும்பங்கள் அத்தோடு விட்டுவிடுகின்றன. அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை. அதேபோல "வீக்கம்" என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வயதானால் பெரும்பாலான ஆண்களுக்கு புராஸ்டேட் பெரிதாகத்தான் ஆகும். அது புற்றுநோய் அல்ல.

ஆனாலும் அந்தச் சாதாரண ஸ்கேன் உங்களுக்கு ஒரு பயனுள்ள எண்ணைக் கொடுத்திருக்கிறது. 7.2-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.12 வரும். இதற்கு பி.எஸ்.ஏ. அடர்த்தி என்று பெயர். பெரிய சுரப்பி இயல்பாகவே கூடுதல் பி.எஸ்.ஏ. விடும் என்பதால், அளவோடு வகுத்துப் பார்த்தால்தான் அந்த 7.2-க்கு அர்த்தம் வரும். 0.15-க்கு மேலே போனால் சந்தேகம் கூடுகிறது என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. இதே 7.2 ஒரு 30 மில்லி சுரப்பியிலிருந்து வந்திருந்தால் 0.24 ஆகியிருக்கும், நான் வேறு தொனியில் எழுதிக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒரு முக்கியமான சந்தேகம்: வீக்கத்துக்காக அப்பா ஃபினாஸ்டெரைடு அல்லது டுடாஸ்டெரைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்படியானால் 7.2-ஐ 14 என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும், அடர்த்தியும் எல்லையைத் தாண்டிவிடும். மாத்திரை அட்டையைப் பார்த்துவிடுங்கள். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்திருந்தாலும், சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டிருந்தாலும் அளவு ஏறும். சில வாரங்கள் விட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

சரி, அல்ட்ராசவுண்டுக்கு வருவோம். புராஸ்டேட் மலக்குடலுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல் இருக்கிறது. அதனால் ஒலியை அனுப்பி வாங்கும் கருவியை, விரல் பருமனில் ஒரு புரோபை, ஆசனவாய் வழியாக வைத்தால் சுரப்பி கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோகி வட்டனாபே 1960களின் இறுதியில் இதைச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய கருவி நாற்காலியில் பொருத்தியிருக்கும். நோயாளி அதன்மேல் உட்கார வேண்டும். 1989-இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஆறு இடங்களில் ஒழுங்காக ஊசி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆறு பத்தாகி, பன்னிரண்டாகி, உலகமெங்கும் அதுவே வழக்கமானது.

அந்த முறையில் அல்ட்ராசவுண்ட் காட்டியது சுரப்பியின் எல்லையை. உள்ளே கட்டி எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. சுரப்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி, பட்டால் பட்டது. சாதாரண புரோப் ஏறக்குறைய 6 முதல் 12 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்தப் படத்தில் புற்றுநோய் சில நேரம் கறுப்புத் திட்டாகத் தெரியும், ஆனால் பல கட்டிகள் சுற்றியுள்ள திசுவின் அதே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். பழைய அழற்சியும் சுருங்கிய திசுவும் அதே கறுப்புத் திட்டாகத் தெரிந்து ஏமாற்றும். 2017-இல் வெளிவந்த பிராமிஸ் என்ற பிரிட்டன் ஆய்வு இதை அம்பலமாக்கியது. 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் இந்த வழக்கமான பயாப்ஸியும் செய்து, கூடவே சுரப்பி முழுவதையும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் அளந்து ஒப்பிட்டார்கள். சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோய்களில் வழக்கமான பயாப்ஸி பிடித்தது 48 சதவீதம். எம்.ஆர்.ஐ. 93 சதவீதம். உங்கள் மருத்துவர் முதலில் எம்.ஆர்.ஐ. என்று சொல்வதற்குப் பின்னால் இந்த எண்கள்தான் இருக்கின்றன.

அப்போதே அல்ட்ராசவுண்ட் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அப்படி ஆகவில்லை, ஏனென்றால் சாம்பல் நிறத்தைத் தாண்டி ஒலியால் வேறு சிலவற்றையும் அளக்க முடியும்.

ஒன்று, விறைப்பு. மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து "கெட்டியாக இருக்கிறது" என்று சொல்வார் அல்லவா, அதைக் கருவி எண்ணாகச் சொல்கிறது. எலாஸ்டோகிராஃபி என்று பெயர். புற்றுநோய்ப் பகுதியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் திசு விறைக்கிறது. பழைய வகையில் மருத்துவர் புரோபை லேசாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். ஆளுக்கு ஆள் முடிவு மாறும். புதிய வகையில் கருவியே ஒரு ஒலித் தள்ளல் கொடுத்து, அதனால் திசுவுக்குள் பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கிறது. விறைத்த திசுவில் அலை வேகமாக ஓடும். முடிவு கிலோபாஸ்கல் கணக்கில் வரும். சுரப்பியின் வெளிமண்டலத்தில், அதாவது மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில், 35 கிலோபாஸ்கலுக்கு மேல் சந்தேகம் என்று ஒரு ஆய்வு சொன்னது. மற்ற ஆய்வுகள் வேறு எல்லைகளைச் சொல்கின்றன. எல்லை இப்படி அலைவதே இதன் பலவீனத்தைக் காட்டுகிறது. புரோபைக் கொஞ்சம் பலமாக அழுத்தினால் நல்ல திசுவும் விறைத்தது போலத் தெரியும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதுவும் அப்படியே. வீங்கிய உள்மண்டலம் இயல்பிலேயே கெட்டி, அதனால் அங்கே இந்த அளவைக்குப் பெரிய மதிப்பில்லை.

இரண்டு, ரத்த ஓட்டம். வளரும் கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது. ரத்தம் ஓடுவதை ஒலியால் கண்டறியும் டாப்ளர் முறை பெரிய குழாய்களைத்தான் காட்டும். நுண்ணிய குழாய்களைப் பார்க்க, கையிலுள்ள நரம்பு வழியாக நுண்குமிழிகளை ஏற்றுகிறார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை மெல்லிய கொழுப்பு உறையில் அடைத்த, சில மைக்ரான் அளவுள்ள குமிழிகள் அவை. ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. ஒலி பட்டதும் அதிர்ந்து பளிச்சென்று தெரியும். சில நிமிடங்களில் உடைந்து வாயு நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலை இல்லை என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் அழற்சி உள்ள இடத்திலும் ரத்தம் கூடுதலாகத்தான் ஓடும், அங்கேயும் பளிச்சிடும்.

இவற்றைத் தனித்தனியாக நம்ப முடியாது, சேர்த்துப் பார்த்தால் என்ன? அதைத்தான் பிரிட்டனில் நடந்த காட்மஸ் ஆய்வு சோதித்தது. முடிவு 2022-இல் வந்தது. சாம்பல் படம், டாப்ளர், எலாஸ்டோகிராஃபி, நுண்குமிழி என எல்லாவற்றையும் கலந்த அல்ட்ராசவுண்ட் ஒரு பக்கம், எம்.ஆர்.ஐ. மறுபக்கம். ஒரே ஆண்களுக்கு இரண்டும், ஒன்றின் முடிவு மற்றொன்றைப் படிப்பவருக்குத் தெரியாமல். கலவை அல்ட்ராசவுண்ட் முக்கியமான, அதாவது சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோய்களை 4.3 சதவீதப் புள்ளிகள் குறைவாகக் கண்டுபிடித்தது, 11.1 சதவீதப் புள்ளிகள் கூடுதலான பேரை பயாப்ஸிக்கு அனுப்பியது. எம்.ஆர்.ஐ. கொஞ்சம் மேல்தான். ஆனால் எனக்கு அந்த ஆய்வில் சுவாரசியமாகப் பட்டது வேறு: முக்கியமான புற்றுநோய் உறுதியான 83 பேரில் 6 பேரை அல்ட்ராசவுண்ட் மட்டுமே பிடித்தது. எம்.ஆர்.ஐ. மட்டுமே பிடித்தது 17 பேர். ஆக எம்.ஆர்.ஐ.யும் தவறவிடுகிறது. எம்.ஆர்.ஐ. "சுத்தம்" என்று வந்தாலும் பி.எஸ்.ஏ. அடர்த்தி உறுத்தினால் மருத்துவர்கள் பயாப்ஸி பற்றிப் பேசுவது இதனால்தான்.

இனி மூன்றாவது, உங்கள் உறவினர் கேள்விப்பட்டது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: மைக்ரோ அல்ட்ராசவுண்ட். இது விறைப்பையோ ரத்தத்தையோ அளக்கவில்லை. ஒலியின் அதிர்வெண்ணை 29 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். உடல் திசுவில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் போகிறது. 8 மெகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் 0.19 மில்லிமீட்டர், 29-இல் 0.05 மில்லிமீட்டர். அலை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நுணுக்கமாகப் படம் வரும். இந்தக் கருவியின் பிரிதிறன் 70 மைக்ரான் என்கிறார்கள். புராஸ்டேட்டின் நுண்குழல்களின் விட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் நல்ல திசுவில் சிறு சிறு குழல்கள் ஒழுங்காக அமைந்திருப்பதையே திரையில் பார்க்கலாம். புற்றுநோய் அந்த ஒழுங்கைக் குலைக்கும்: குழல்கள் மறைந்து, அப்பிவிட்டது போன்ற மங்கல், காலிஃபிளவர் போன்ற உருவம், ஒழுங்கற்ற நிழல். இதற்கு 2016-இல் பிரை-மஸ் என்று 1 முதல் 5 வரையிலான ஒரு மதிப்பீட்டு முறை வந்தது. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த இடத்தில் ஊசி.

இதற்கும் விலை உண்டு. அதிர்வெண் ஏற ஏற ஒலி ஆழமாகப் போகாது. பக்கத்து வீட்டில் பாட்டு அலறினால் சுவரைத் தாண்டி நமக்கு வருவது தாளத்தின் தடதடப்பு மட்டும்தானே, கீச்சுக்குரல் அங்கேயே தங்கிவிடும், அதே கதைதான். புராஸ்டேட் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் மலக்குடலை ஒட்டிய வெளிமண்டலத்தில் வருவது நம் அதிர்ஷ்டம், அது புரோபுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் முன்பக்கத்தில் ஒளிந்திருக்கும் கட்டி, அதுவும் மிகப் பெரிதாக வீங்கிய சுரப்பியில் இருந்தால், மைக்ரோ அல்ட்ராசவுண்டுக்கு எட்டாமல் போகலாம். உள்ளே சுண்ணாம்புப் படிவு வரிசையாக இருந்தாலும் அதற்கு அப்பால் நிழல்தான். பிரை-மஸ் முறையே முதலில் வெளிமண்டலத்துக்காக எழுதப்பட்டது. இந்த முன்பக்க விஷயத்தில் எம்.ஆர்.ஐ.க்குத் தூரம் ஒரு பொருட்டல்ல.

இது எவ்வளவு தூரம் நிரூபணமானது? ஆப்டிமம் என்ற சர்வதேச ஆய்வு 2025-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. எட்டு நாடுகள், அதுவரை பயாப்ஸி செய்துகொள்ளாத 678 ஆண்கள். மைக்ரோ அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்துக் குறிபார்த்த குழுவில் முக்கியமான புற்றுநோய் கிடைத்தது 47 சதவீதம் பேரிடம், எம்.ஆர்.ஐ. படத்தைச் சாதாரண அல்ட்ராசவுண்டோடு பொருத்திக் குறிபார்த்த குழுவில் 43 சதவீதம். மூன்றாவதாக மைக்ரோ அல்ட்ராசவுண்டோடு எம்.ஆர்.ஐ.யைச் சேர்த்த குழுவிலும் 47. இதை "எம்.ஆர்.ஐ.யை வென்றது" என்று படிக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. வழிக்குக் குறைந்ததல்ல என்பதுதான் அந்த ஆய்வு நிறுவிய முடிவு. அதுவே பெரிய செய்தி. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மூன்று குழுவிலும் எல்லோருக்கும் ஊசி போட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். மைக்ரோ அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தால் பயாப்ஸியையே தவிர்க்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. உங்கள் உறவினர் தாண்டிக் குதித்த இடம் இதுதான்.

இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அது அவ்வளவு பிரபலம் இல்லை. 2021-இல் வெளியானது, வட அமெரிக்காவில் 1,676 ஆண்கள். முதல் தலைமுறை 29 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டுக்கும் மொத்தக் கணக்கில் கண்டுபிடிப்பு விகிதத்தில் வித்தியாசமே இல்லை. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே பிரை-மஸ் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு படத்தைப் படிக்கும் திறன் கூடியது. அதாவது கருவி அதேதான், கண் மாறியது. எம்.ஆர்.ஐ.யை எடுத்து வைத்துவிட்டு நாளைக்கு இன்னொரு நிபுணரிடம் காட்டி இரண்டாவது கருத்து கேட்கலாம். அல்ட்ராசவுண்டில் புரோபைப் பிடித்திருப்பவர் அந்த நேரத்தில் பார்த்ததுதான் பெரும்பாலும் முடிவு. அவர் அந்த ஓரத்துக்கு ஒலியைத் திருப்பவே இல்லை என்றால் பதிவிலும் அது இருக்காது. என்னைக் கேட்டால், சுமாராகப் பழகியவர் கையில் இருக்கும் மைக்ரோ அல்ட்ராசவுண்டைவிட, நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் பார்த்த எம்.ஆர்.ஐ. மேல்.

கணினியே படத்தைப் படித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீராதா என்று தோன்றும். செயற்கை நுண்ணறிவு வைத்து அல்ட்ராசவுண்டைப் படிக்கும் முயற்சிகள் வேகமாக நடக்கின்றன, நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் கொஞ்சம் பழையவர்களுக்கு ஹிஸ்டோஸ்கேனிங் என்ற முறை ஞாபகம் இருக்கும். திரும்பிவரும் ஒலியின் மூல அலைகளைக் கணினி அலசி, புற்றுநோய் இருக்கும் இடத்தை நிறம் பூசிக் காட்டும் என்றார்கள். ஆரம்ப ஆய்வுகள் பிரமாதமாக இருந்தன. வேறு மையங்கள் தனியாகச் செய்து பார்த்தபோது அந்தத் துல்லியம் வரவில்லை, சத்தமில்லாமல் அது ஓரங்கட்டப்பட்டது. ஒரே மையத்திலிருந்து வரும் அதிசய எண்களைப் பார்க்கும்போது நான் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

சரி, யாருக்கு நவீன அல்ட்ராசவுண்ட் உண்மையிலேயே நல்ல மாற்று? எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போக முடியாத வகைப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள். இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்தியவர்கள். அந்த உலோகம் புராஸ்டேட் பகுதி எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுத்துவிடும். மூடிய குழாய்க்குள் படுக்கவே முடியாமல் மூச்சுத் திணறுபவர்கள். எம்.ஆர்.ஐ.க்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள். பார்த்த அதே நிமிடத்தில், அதே திரையில், அந்த இடத்திலேயே ஊசி போடலாம் என்பது மைக்ரோ அல்ட்ராசவுண்டின் பெரிய வசதி. எம்.ஆர்.ஐ. வழியில் முன்பே எடுத்த படத்தை, புரோப் அழுத்தி உருமாறிய சுரப்பியின் நேரடிப் படத்தோடு பொருத்த வேண்டும்; சில மில்லிமீட்டர் பிசகினாலும் சிறிய கட்டியை ஊசி தவறவிடும்.

உங்கள் அப்பாவுக்கு மேலே சொன்ன தடை எதுவும் இல்லை என்றால், மருத்துவர் சொன்ன வழியிலேயே போங்கள். எம்.ஆர்.ஐ. சுத்தமாக வந்து, அடர்த்தியும் 0.12 என்பது உண்மையான கணக்காக இருந்தால், பயாப்ஸியைத் தள்ளிவைத்து பி.எஸ்.ஏ.வைக் கண்காணிக்கலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். நியாயமான கேள்வி அது. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமான இடம் இருந்தால் பயாப்ஸிக்கு மைக்ரோ அல்ட்ராசவுண்ட் உள்ள மையம் கிடைத்தால் நல்லதுதான், இரண்டு வழியிலும் பார்த்ததாகிவிடும். அங்கே கேட்க வேண்டியது கருவியின் பெயரை அல்ல. செய்யப்போகும் மருத்துவர் இதைத் தொடர்ந்து செய்கிறவரா, பிரை-மஸ் பயிற்சி பெற்றவரா என்பதை. ஊசி மலக்குடல் வழியாகவா, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகவா என்றும் கேளுங்கள். தோல் வழி என்றால் குடல் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயாப்ஸியில் ஏதாவது வந்தால்கூட உடனே அறுவை சிகிச்சை என்று ஓட வேண்டியதில்லை. புற்றுநோயின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 3+3 (குறைந்த தீவிரம்) என்று வந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கண்காணிப்பு மட்டுமே போதும். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு மூன்றையும் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்ட ப்ரொடெக்ட் ஆய்வில், எந்த வழியில் போனாலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான்.

கடைசியாக வரிசை பற்றி ஒன்று. எம்.ஆர்.ஐ.யைக் கட்டாயம் பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி போட்ட இடங்களில் ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் சுரப்பிக்குள் தங்கும், அது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைப் போலவே தெரிந்து குழப்பும். பிறகு ஆறு வாரம், சில நேரம் அதற்கு மேலும் காத்திருக்கச் சொல்வார்கள். எடுத்தபின் அறிக்கைத் தாளோடு நிற்காமல் முழுப் படங்களும் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். பயாப்ஸி வேறு இடத்தில் என்றால், அவர்களுக்குக் குறிபார்க்க அந்தப் படங்கள்தான் வேண்டும்.